தண்டனையைக் கூட்டினால் நீலகிரி தப்பிக்குமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் வளர்ந்தவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளில் பசி, குடிநீர், காடு எல்லாம் புரிகிறது. 16-ஆவதில் சட்டத்தின் ஆட்சி, நீதி என்று எதற்குச் சேர்த்தார்கள், போலீஸ் கோர்ட்டுக்கும் வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்பது முதல் கேள்வி. காட்டை அழிக்கிறவனுக்கும் விதியை மீறி ரிசார்ட் கட்டுகிறவனுக்கும் பத்து வருடம், ஆயுள் என்று தண்டனையைக் கூட்டிவிட்டால் மலை தப்பிக்காதா என்பது இரண்டாவது. கடைசி வரியில், உங்கள் ஊருக்குக் கீழே உள்ள குரும்பர் குடியிருப்பில் தேன் எடுத்த ஒருவர் மேல் வனத்துறை வழக்குப் போட்டிருக்கிறது, அவர் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். இந்த மலையில் சட்டம் யார் மேல் பாய்கிறது, யாரைச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதுதான் அது.

நான் கூடலூரிலும் ஊட்டியிலும் கிரிமினல் பக்கம் வழக்கு நடத்துகிறவன். பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. சட்டப் பணிகள் குழு மூலம் வரும் இலவச வழக்குகளும் உண்டு. ஆகவே இது கோர்ட்டு வராந்தாவில் நின்று பார்க்கிறவன் சொல்வது. சோலை எவ்வளவு மிஞ்சியது, யானை எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் களத்தில் இருக்கும் உயிரியலாளர்கள் சொல்ல வேண்டியவை, அங்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். பழனி மலை வழக்குகளைத் தீர்ப்புகள் வழியாகத்தான் அறிவேன், கொடைக்கானல் கோர்ட்டில் நின்றதில்லை. சட்டம் இன்னது என்று சொல்லும் இடங்களில் உறுதியாகச் சொல்கிறேன். ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்லும் இடங்கள் என் அனுமானம்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2015 செப்டம்பரில் ஐ.நா. இந்த இலக்குகளை ஏற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் தோகாவில் கூடிய ஐ.நா. குற்றத் தடுப்பு மாநாடு, சட்டத்தின் ஆட்சியும் நிலைத்த வளர்ச்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று பிரகடனமே வெளியிட்டிருந்தது. 16-ஆவது இலக்கின் மூன்றாம் உட்பிரிவு, நீதி எல்லாருக்கும் சமமாக எட்ட வேண்டும் என்கிறது. அதை அளக்க வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று, சிறையில் இருப்பவர்களில் தண்டனை விதிக்கப்படாமலே உள்ளே இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்பது. இந்தியச் சிறைகளில் 2022 கடைசியில் அது 75.8 சதவீதம். நாலு பேரில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்த நாடு எவ்வளவு கடுமையாகத் தண்டிக்கிறது என்று அந்தப் பட்டியலில் எங்கேயும் கேட்கவில்லை.

இனி தண்டனை. நீங்கள் கேட்கிற கடுமை சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்குகள் சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், கூடினால் ஏழு வருடம் சிறை. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அபராதங்களைக் கூட்டியதோடு, சமரசமாக முடித்துக்கொள்ளும் சில்லறைக் குற்றங்களுக்கு அதிகாரி வசூலிக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சத்துக்கு ஏற்றியது. அந்தச் சட்டத்தில், கையில் பொருளோடு பிடிபட்டவன்தான் அது சட்டப்படி வந்தது என்று காட்ட வேண்டும். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சான்றாக வைக்கலாம். சாதாரண போலீஸ் வழக்கில் அரசுத் தரப்புக்கு இத்தனை வசதி கிடையாது.

அப்படியிருந்தும் வழக்குகள் இழுக்கின்றன, பல விழுகின்றன. காரணம் தண்டனை அளவில் இல்லை. இந்தச் சட்டத்தில் போலீஸ் குற்றப்பத்திரிகை செல்லாது. அதிகாரம் பெற்ற வன அதிகாரி நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் புகார் மனு கொடுக்க வேண்டும். (பொதுமக்களில் யாரும் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் புகார் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் அபூர்வம்.) புகார் மனு வழக்கு என்பதால், குற்றச்சாட்டு வனைவதற்கு (என்ன குற்றம் என்று கோர்ட்டு முறைப்படி எழுதுவதற்கு) முன்பே சாட்சிகளை ஒரு சுற்று விசாரிக்க வேண்டும், வனைந்த பிறகு அதே ஆட்களை மறுபடி குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட வேண்டும். அதற்குள் மகஜரில் (சம்பவ இடத்தில் எழுதும் பதிவில்) கையெழுத்துப் போட்ட கார்டு ஒரு சரகத்துக்கும் ரேஞ்சர் இன்னொரு கோட்டத்துக்கும் மாறியிருப்பார்கள். இறைச்சி என்ன விலங்கு என்று நிரூபிக்க மாதிரி ஐதராபாத் வரை போய் வரும். எஸ்டேட் லைனில் குடியிருக்கும் சுயேச்சைச் சாட்சி, வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார், கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிடுவார். எதிர்த் தரப்பு வக்கீலாக எனக்கு இது சௌகரியம்தான். ஆனால் நீங்கள் கேட்டது மலையைப் பற்றி. மாட்டிக்கொள்வோம், மாட்டினால் ஒரு வருடத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்ற நிச்சயம் இல்லாதபோது ஏழு வருடத்தைப் பதினாலாக்கினால் கூடப்போவது விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கும் காலம் மட்டும்தான். தண்டனையின் கடுமையைவிட அது வந்தே தீரும் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கிறது என்பதில் குற்றவியல் அறிஞர்கள் பெருமளவு ஒத்துப்போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2023 செப்டம்பரில் எமரால்டு அருகே அவலாஞ்சி நீர்த்தேக்கப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. தன் மாட்டைப் புலி அடித்த ஆத்திரத்தில் மாட்டின் உடலில் நஞ்சு வைத்தார் என்று ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கின் உண்மைக்குள் நான் போகவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: மாடு போனவனுக்கு இழப்பீடு அடுத்த வாரமே கையில் கிடைக்கும் என்றால் அவன் பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போகமாட்டான் என்பது என் கணிப்பு. கால்நடை மருத்துவர் சான்று, வனத்துறை மகஜர், கருவூலம் என்று அந்தத் தாள் நகர்கிற வேகமும் சட்டத்தின் ஆட்சிதான். அதைக் கிரிமினல் கோர்ட்டில் சரிசெய்ய முடியாது.

ரிசார்ட்டுக்கு வருகிறேன். இங்கேதான் உங்களைப் போலவே பலரும் குழம்புவது: சட்டத்துக்குப் புறம்பானது எல்லாமே குற்றம் ஆகாது. இரண்டுக்கும் கோர்ட்டு வேறு, நிரூபிக்க வேண்டிய அளவு வேறு. இதற்குக் கொடைக்கானலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே பிளெசன்ட் ஸ்டே ஹோட்டல் அனுமதித்ததற்கு மேல் மாடி மாடியாக எழும்பியது. விதிவிலக்கு கொடுத்து அரசாணை வந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு உயர் நீதிமன்றம் போனது. விதிவிலக்கு செல்லாது, கூடுதல் மாடிகளை இடி என்று தீர்ப்பு. 1995-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்டடத்தைப் பொறுத்தவரை ஒரு சின்ன உள்ளூர் அமைப்பு அரசாங்கத்தையே எதிர்த்து ஜெயித்துவிட்டது. அதே விவகாரம் கிரிமினல் வழக்காகவும் ஓடியது. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி சென்னைத் தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதா உள்ளிட்டோரைக் குற்றவாளிகள் என்றது. தீர்ப்பை எதிர்த்து அன்றைக்கே நடந்த போராட்டத்தில் தர்மபுரியில் பஸ் எரிக்கப்பட்டு வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இதைக் கேட்டவுடன் “பெரிய இடம், தப்பித்துவிட்டார்கள்” என்றுதான் டீக்கடையில் சொல்வார்கள். சட்டம் படித்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. அரசாணை தப்பு என்பதற்கு, அதிகாரம் இல்லாமல் போட்டது என்று காட்டினால் போதும். குற்றம் என்பதற்கு, கெட்ட எண்ணத்தோடு போட்டார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். அந்த வரம்பைத் தளர்த்தினால் முதலில் உள்ளே போகிறவர் அமைச்சராக இருக்கமாட்டார், உங்கள் ஊர்க் குரும்பராகத்தான் இருப்பார். ஒரு கட்டடத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அஸ்திவாரம் தோண்டும்போதே நிறுத்துகிற அதிகாரிதான் வேண்டும். எட்டு வருடம் கழித்து வரும் கிரிமினல் தீர்ப்பு அந்த வேலையைச் செய்யாது.

சீகூர் யானை வழித்தடமும் இதே பாதைதான். 2010-இல் தமிழக அரசு வழித்தட அறிவிக்கை போட்டது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லி அனுமதி இல்லாத விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14-ஆம் தேதி அறிவிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லி, ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைத்தது. அறிவிக்கை வந்து பத்து வருடம். அடுத்த ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த காட்டு யானை மேல் எரியும் டயரை வீசிய வீடியோவை நாடே பார்த்தது. யானை இறந்துபோனது, ஆட்கள் கைதானார்கள், அதன் பிறகுதான் அந்த விடுதிக்கு முறையான உரிமம் இல்லை என்று சீல் வைத்தார்கள். எனக்கு அதில் வலித்தது வரிசைதான். உரிமம் இல்லை என்பது யானை சாவதற்கு முன்பே ஏதோ ஒரு அலுவலகத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, கட்டட உயரத்துக்கு வரம்பு இருக்கிறது, பொக்லைன் இறக்குவதற்கே நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எது இயற்கை, எது மனிதன் செதுக்கிய சரிவு என்று புவியியலாளர்கள் பிரித்துச் சொல்லட்டும். இரவில் இறங்கிய பொக்லைனை மறுநாள் காலையில் பிடிக்கிற ஊர் இருக்கிறது, பிடிக்காத ஊரும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது நான் அதிகம் பேச நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: நிலம். ஊட்டி, குன்னூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூடலூர், பந்தலூர் நிலைமை தெரியாது. இங்கே நிலம், கேரளத்து அரச குடும்பமான நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை முழு உரிமை நிலமாக இருந்தது. எஸ்டேட்டுகள் குத்தகைக்கு எடுத்திருந்தன. அந்த ஜென்ம உரிமையை ஒழித்து ரயத்துவாரியாக்க (நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு மாற்ற) 1969-இல் சட்டம் வந்தது. சுமார் 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்டது. 1972-இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில், காட்டு நிலத்தை எடுப்பது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரு பகுதியைத் தள்ளியது. 1974-இல் நாடாளுமன்றம் 34-ஆவது திருத்தத்தில் இந்தச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் வைத்துக் கோர்ட்டுக்கு எட்டாமல் ஆக்கப் பார்த்தது. அதை எதிர்த்துப் போனதுதான் கோயலோ வழக்கு. 2007 ஜனவரி 11-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் வைத்த எந்தச் சட்டத்தையும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை (நாடாளுமன்றமே மாற்ற முடியாத அதன் ஆதாரத் தன்மைகளை) வைத்துச் சோதிக்கலாம் என்றது. டில்லியிலும் பெங்களூரிலும் சட்டம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இதை மனப்பாடம் செய்கிறது. நீங்களும் செய்திருப்பீர்கள். அது கூடலூர் நிலம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியாவின் காட்டுச் சட்டத்தையே திருப்பிப் போட்ட இன்னொரு வழக்கும் இங்கிருந்துதான் போனது. கூடலூர்க் காட்டில் மரம் விழுவதைப் பார்த்த நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவில், காடு என்றால் யார் பெயரில் இருந்தாலும், எந்த வகைப்பாட்டில் இருந்தாலும் காடுதான், மத்திய அரசின் அனுமதியில்லாமல் அங்கே காடு சாராத வேலை எதுவும் கூடாது என்று கோர்ட்டு நிறுத்தியது. காட்டைக் காத்த உத்தரவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த இரண்டு பெரிய வழக்குகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவு எஸ்டேட் குத்தகை நிலங்களைப் பற்றியது. அந்தக் குத்தகைகளை என்ன செய்வது என்ற வழக்குகள் தலைமுறை கடந்து ஓடுகின்றன. இங்கே எல்லாரும் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றே சொல்வார்கள். அந்த நிலத்தில் கேரளத்திலிருந்து வந்து மிளகும் காப்பியும் போட்டவர்கள் இருக்கிறார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்பே இருந்த பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குரும்பரும் இருக்கிறார்கள். பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. கூரை மாற்றினாலும் ஆக்கிரமிப்பு, பலா மரத்தை வெட்டினாலும் வழக்கு. எஸ்டேட் கம்பெனிக்கு அதே நிலத்தில் இடைக்காலத் தடை இருக்கும், சீனியர் வக்கீல் இருப்பார். பணியருக்கு இருப்பது அடுத்த வாய்தா. சிறுத்தைக்கென்று வைத்த சுருக்கில் முயல் மாட்டுகிற கதை இது.

நிலைத்த வளர்ச்சிக்குள் சட்டத்தின் ஆட்சி எங்கே வருகிறது என்று கேட்டீர்களே, இங்கேதான். நாளைக்கு நிலம் என்னுடையதாக இருக்குமா என்று தெரியாதவன் சில்வர் ஓக் நட்டு இருபது வருடம் காத்திருக்கமாட்டான். இந்த வருடமே எதை எடுக்கலாம் என்றுதான் பார்ப்பான். உரிமை தீராத நிலத்தில் மரம் கடத்துகிற ஏஜெண்டுக்கும் நல்ல வேலை. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் புகார் கொடுக்க யார் இருக்கிறார்கள்? இது என் அனுமானம்தான், ஆனால் என் கையில் வந்த வழக்குகளில் பெரும்பங்கு இப்படிப்பட்ட நிலத்திலிருந்தே வந்தவை. பட்டா தீர்வு ஒன்று வந்தால் ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியல் எவ்வளவு மெலியும் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன். எங்கள் வருமானமும் மெலியும்.

பழங்குடிகளுக்கென்றே 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதற்குள்ளும் இதே தாமதம். தமிழ்நாட்டில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா கொடுப்பது நின்றுபோனது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும் வரைக்கும் விண்ணப்பங்கள் தூங்கின. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்களும், தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், நீலகிரியில் இருக்கிறார்கள். சட்டம் உரிமை என்று சொன்னதை எட்டு வருடம் குற்றமாகவே பாவித்துக்கொண்டிருந்தோம்.

வனத்துறையைக் குறைசொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக யானைக்கும் அவுட்டுக்காய்க்கும் (தீனிக்குள் ஒளித்து வைக்கும் நாட்டு வெடிக்கும்) நடுவே நடக்கிறவர்களில் பலர் இதே பழங்குடிப் பிள்ளைகள்தான். ஆனால் கடுமையான சட்டத்தைக் கையில் கொடுக்கும்போது, அந்தக் கையையும் கட்டுகிற சட்டம் வேண்டும். இதற்கு தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியைத்தான் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடப் போன வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஒரு மலைவாழ் கிராமத்தையே சூறையாடினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பரில் தண்டனை, 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் உறுதி. முப்பத்தொரு வருடம். காட்டைக் காப்பாற்றப் போன சட்டம்தான் அங்கே குற்றம் செய்தது. அதைத் தண்டிக்கவும் சட்டத்தால் முடிந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆலை முதலாளிகளை எப்படித் தண்டிக்கிறோம் என்றும் பார்த்துவிடுவோம். கொடைக்கானல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலையை 1980-களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பாம்பார் சோலை ஓரத்தில் வைத்தார்கள். பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு உள்ளூர்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. 2003-இல் கழிவில் ஒரு பகுதி கப்பலில் அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2016-இல் உடன்பாடு செய்துகொண்டது. உடல்நலக் கேட்டுக்குப் பாதரசம் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை, மனிதாபிமான அடிப்படையில் தருவதாகச் சொன்னது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற தகராறு அதற்கப்புறமும் நடந்தது. மாசு செய்தவனே செலவைத் தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் நம் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில்தான் நிலைநாட்டியது. கொடைக்கானலில் அந்தக் கொள்கைக்கு வேலை வந்தபோது அது எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து வருடம் வரை சிறை என்று இருந்ததை 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம் எடுத்துவிட்டது. 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை தண்டத்தொகை, அதை விதிப்பது ஒரு அதிகாரி. அந்தச் சிறைத் தண்டனையால் யாரும் பெரிதாகப் பயந்ததில்லை, ஆகவே சிறையை எடுத்ததற்காக மட்டும் நான் அழமாட்டேன். வேகமாக விதித்து வேகமாக வசூலித்தால் தண்டத்தொகையே மேல். ஆனால் காட்டில் கண்ணி வைத்தவனுக்குச் சிறையும் ஆலைக்கு ரசீதும் என்று ஆகும்போது, சட்டம் சமம் என்று பணியர் காலனியில் போய் நான் எப்படிச் சொல்வேன்?

தண்டனையே இல்லாமல் வேலை செய்த ஒன்றையும் சொல்கிறேன், உங்கள் விடைத்தாளுக்கு உதவும். நீலகிரிக் காட்டோரங்களில் உடைந்த மதுப் பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழித்தன. பாட்டில் போட்டவனைப் பிடித்து வழக்குப் போடுவது நடக்காத காரியம். உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில் 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. கடை ஊழியர்களுக்கு அது தலைவலி என்பதும் உண்மை. ஆனால் குடித்துவிட்டு எறிந்தாலும் அதைப் பொறுக்க ஆள் வந்துவிட்டது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸும் (வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி) இதே ரகம். அதன் பலனைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நான் ஆளில்லை, ஹோட்டல்காரர்களும் டிராஃபிக் போலீசும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கடைசியாக உங்கள் ஊர்த் தேன்காரர். விவரம் முழுதாகத் தெரியாமல் வழக்கைப் பற்றிச் சொல்ல முடியாது. இதை அவருடைய வக்கீலின் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் இன்னது: வன உரிமைச் சட்டத்தின் 3(1)(இ) பிரிவு, பரம்பரையாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலை எடுக்கவும் விற்கவும் பழங்குடிக்கு உரிமை தருகிறது. தேனும் மெழுகும் அந்த வரையறைக்குள் பெயர் சொல்லியே இருக்கின்றன. வேட்டை மட்டும் இல்லை. ஆகவே மகஜரில் தேனோடு வேறு எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் ஊர்க் கிராம சபையில் சமூக உரிமைக்கு மனுக் கொடுத்திருந்தால் அந்த நகல் வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இப்போது கொடுக்கலாம். சமரசமாக ஒரு தொகை கட்டி முடித்துவிடலாம் என்று சொன்னால், வாசித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைக்க வேண்டாம். முடித்துக்கொண்டதும் ஒருவகையில் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகி, அடுத்த முறை அவருக்கு எதிராக எடுத்து வைப்பார்கள்.

ஏற்கெனவே ரிமாண்ட் ஆகியிருந்தால் ஜாமீன் உத்தரவு கிடைப்பதைவிட ஜாமீன்தாரர் கிடைப்பதுதான் கஷ்டம். சொத்து வரி ரசீது கேட்பார்கள், பட்டா இல்லாத ஊரில் யார் கொடுப்பது? 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டு தானாகவே நிபந்தனையைத் தளர்த்திப் பார்க்கலாம். இதை மனுவில் எழுதச் சொல்லுங்கள், எல்லா மாஜிஸ்திரேட்டும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்தின் 12-ஆவது பிரிவு. வட்ட அளவிலும் குழு இருக்கிறது; ஊட்டி வரை போக வேண்டாம். 15100 என்ற எண்ணுக்கு அடித்தாலும் வழி சொல்வார்கள். வனக் குற்ற அறிக்கையின் எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் தெரிந்தால் இங்கேயே கீழே எழுதுங்கள். அவர் பெயரைப் போட வேண்டாம்.